நினைவோடு இருப்பது, வீட்டிலும் பொறுப்பிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு வங்கியில் 31 வருடம் வேலை பார்த்தவள். அதில் கடைசி 11 வருடம் கிளை மேலாளர். ஓய்வு பெற்ற பிறகு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதி நூலக மாடியில் பத்துப் பதினைந்து பேர் கூடி, மைண்ட்ஃபுல்னெஸ் என்று இப்போது எல்லோரும் சொல்கிற பயிற்சியைச் செய்கிறோம். ஆசிரியர், செவிலியர், ஜவுளிக்கடை சூப்பர்வைசர், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் என்று பலரும் வருகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பதில்கள் என் அனுபவத்திலிருந்தும் படிப்பிலிருந்தும் வந்தவை. நான் மருத்துவர் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மைண்ட்ஃபுல்னெஸ் என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்வது?

செய்கிற வேலையிலும், அந்த நேரத்தில் உடம்பிலும் மனசிலும் நடப்பதிலும் நினைப்பு இருப்பது. பால் காய்ச்சும்போது எல்லோரும் இதைக் கொஞ்சம் செய்திருப்போம். ஓரத்தில் சின்னக் குமிழி வருவது, ஆடை கட்டுவது, அது மெல்ல உப்பி எழுவது எல்லாம் கண்ணில் படும். எழும்பும் நேரத்தில் கை தானாகவே அடுப்பைத் தணிக்கும். நடுவில் போனை எடுத்தால் பால் பொங்கி வழிந்துவிடும். நம் கோபமும் பயமும் இப்படித்தான் குமிழி விட்டு, ஆடை கட்டி, எழும்பி வருகின்றன. பார்த்துக்கொண்டிருந்தால் தெரியும்.

'மனநிறைவு' என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. மனநிறைவு என்றால் திருப்தி. மனம் நிறைய வலி இருக்கும்போது அந்த வலியைத் தெரிந்துகொண்டு இருப்பதும் இந்தப் பயிற்சியில் சேர்த்தி. திருப்தியைத் தேடி வருகிறவர் நாலாம் நாள் ஏமாந்து போய்விடுவார்.

மூலச் சொல், பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் உள்ள 'ஸதி'. சமஸ்கிருத 'ஸ்மிருதி'யும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை, ஞாபகம் என்று பொருள். பாலி அறிஞர் ரைஸ் டேவிட்ஸ் 1881-ல் அதற்கு மைண்ட்ஃபுல்னெஸ் என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டார், அதுவே நிலைத்துவிட்டது. தமிழில் புதுச் சொல் தேடும் சிரமமே நமக்கு வேண்டியதில்லை. பழையதை மறக்காமல் வைத்திருப்பதும் 'நினைவு'. மயங்கி விழுந்தவர் கண் திறந்தால் 'நினைவு திரும்பிடுச்சு' என்கிறோமே, அதுவும் 'நினைவு'. 'நினைப்பை எங்க வச்சுக்கிட்டு சாப்பிடுற?' என்று அம்மா கேட்டாரே, அதுவும் இதேதான். அதனால் நான் 'நினைவோடு இருப்பது' என்றே சொல்கிறேன்.

இது மதம் சார்ந்ததா?

வேர் பௌத்தத்தில் இருக்கிறது. இன்று மருத்துவமனைகளில் கற்றுத்தரும் வடிவம் 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஸின் தொடங்கியது. நாள்பட்ட வலியோடு இருந்த நோயாளிகளுக்காக அதை அமைத்தார், இப்போது அது எட்டு வாரப் பயிற்சியாக நடக்கிறது. அதில் வழிபாடு, மந்திரம் எதுவும் இல்லை. எங்கள் வகுப்பிலும் இல்லை. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும், கும்பிடாதவரும் வரலாம்.

உட்கார்ந்தால் மனம் அலைகிறது. எனக்கு இது வராது போலிருக்கிறதே?

எல்லோருக்கும் அலையும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மேத்யூ கில்லிங்ஸ்வர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2,250 பேரிடம் செல்போன் வழியாக, நாளின் வெவ்வேறு நேரத்தில், 'இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்' என்று கேட்டார்கள். ஏறக்குறைய 47 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி இருந்தபோது அவர்கள் சந்தோஷமும் குறைவாகவே இருந்தது.

ஆக, அலைவது உங்கள் குறை இல்லை. மூச்சைக் கவனிக்க உட்காருகிறீர்கள். மூன்றாவது மூச்சில் கேஸ் புக் பண்ணவில்லை என்று ஞாபகம் வருகிறது. அங்கிருந்து ஏஜென்சி, அங்கிருந்து போன மாதம் அங்கே நடந்த சண்டை. திடீரென்று, 'அட, எங்கே போய்விட்டேன்' என்று தெரிகிறது. அந்தத் தெரிவதுதான் பயிற்சி. திட்டிக்கொள்ளாமல் மூச்சுக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் முப்பது தடவை போனால், முப்பது தடவை திரும்பிவந்த பழக்கம் உங்களிடம் சேருகிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் எடையைத் தூக்கி இறக்குவதுபோல எண்ணிக்கொள்ளுங்கள்.

எனக்கு நேரமே இல்லை. எப்படிச் செய்வது?

இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடும் பெண்கள் இதைக் கேட்கும்போது 'மனசு வைத்தால் முடியும்' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. நேரம் இல்லை என்பது உண்மை. அவர்களுக்கு நான் சொல்வது, புதிதாக நேரம் தேடாமல், ஏற்கெனவே கை செய்துகொண்டிருக்கும் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

ஒருவர் ஹெல்மெட் கொக்கி மாட்டும் 'க்ளிக்' சத்தத்தை எடுத்துக்கொண்டார். மாட்டியவுடன் ஒரு மூச்சு, பிறகுதான் வண்டியைக் கிளப்புவார். இன்னொருவர் சிக்னலில் நிற்கும் நேரத்தை. பாத்திரம் தேய்க்கும்போது தண்ணீரின் குளிர்ச்சியை எடுத்துக்கொண்ட அக்கா ஒருவர், 'இத்தனை வருஷமும் பாத்திரம் தேய்க்கும்போது நான் மாமியாரோடதான் பேசிக்கிட்டு இருந்திருக்கேன், அவங்க செத்துப் பன்னண்டு வருஷம் ஆச்சு' என்றார். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

என்னுடையது கதவின் கைப்பிடி. அது ஏன் என்று கீழே வருகிறது.

ஒரு மாதம் ஒரே வேலை போதும். நாளுக்கு ஒரு வேலை என்று மாற்றினால் எதுவும் பிடிபடாது. அப்புறம் விருப்பமிருந்தால் காலையில் பத்து நிமிடம் உட்காரலாம். தரை, நாற்காலி, கட்டில் விளிம்பு, எதுவானாலும் சரி.

இதைச் செய்தால் கோபம் வராதா?

வரும். வருவது முன்கூட்டியே தெரியும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவு' என் வாழ்க்கையில் பெரிய விஷயம்.

எனக்குக் கோபம் வரும் முன் தாடை இறுகும், காது மடல் சூடாகும். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு 50 வயது ஆயிற்று. இப்போது தாடை இறுகினால், 'கோபம் வருகிறது' என்று மனசுக்குள் பெயர் சொல்வேன். பெயர் சொல்வதற்குப் பலன் உண்டு. கலிபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மன் குழு 2007-ல் செய்த ஆய்வில், உணர்ச்சி தெரியும் முகங்களின் படங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குச் சொல் வைத்தபோது, மூளையில் அபாயத்துக்கு அலாரம் அடிக்கும் அமிக்டலா பகுதியின் பரபரப்பு குறைந்தது.

இன்னொன்றை என்னிடமே கவனித்தேன். மேலிடத்திலிருந்து வாராக்கடன் பற்றிப் போன் வரும். அந்தப் பக்கத்துக்காரர் என்ன பேசினாலும் என் வாயிலிருந்து 'சரிங்க சார்' மட்டுமே வரும். போனை வைத்த கையோடு வெளியே வந்து கவுன்ட்டரில் இருப்பவரைச் சத்தம் போட்டிருக்கிறேன். அதே நாள், அதே மனுஷி, இரண்டு நிமிட இடைவெளி. 'என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை' என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது பொய். மேலே இருப்பவரிடம் கட்டுப்பட்ட கோபம், செல்லுபடியாகும் இடம் வந்ததும்தான் வெளியே வந்தது. இது புரிந்த அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. தெம்பாகவும் இருந்தது. தேர்ந்தெடுக்கும் ஒரு நொடி எனக்குள் இருக்கத்தான் செய்கிறது என்று தெரிந்ததே.

கோபத்தை விழுங்கச் சொல்லவில்லை. நகைக்கடன் தரும்போது எடை சரிபார்க்காமல் ஒருவர் கையெழுத்துப் போட்டால் கண்டிக்கத்தான் வேண்டும். எதைக் கண்டிக்கிறோம் என்று தெரிந்து, அதை மட்டும் கண்டிக்க முடியும்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது ஏன் கூடுதலாக வேண்டும்?

அவர்களிடம் யாரும் உண்மையைச் சொல்வதில்லை, அதனால்.

நான் மேலாளரான இரண்டாம் வருடம். கேஷ் கவுன்ட்டரில் இருந்த பையன், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான். பதினோரு மணி வாக்கில் ஒரு வாடிக்கையாளருக்கு 10,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டான். அரை மணியில் அவனுக்கே தெரிந்துவிட்டது. நேராக என் அறைக்கு வந்திருக்கிறான். கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். மாலையில் கணக்கு உதைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் அந்த வாடிக்கையாளர் வெளியூர் போய்விட்டார், பிறகு ஒத்துக்கொள்ளவும் இல்லை. பணத்தைப் பையன்தான் கட்டினான். அப்போது அது அவனுக்குப் பெரிய தொகை.

'பதினொன்றரைக்கே ஏன் சொல்லவில்லை?' என்று கேட்டேன். 'வந்தேன் மேடம். உங்க முகத்தைப் பார்த்துட்டுத் திரும்பிட்டேன்' என்றான்.

அந்த நேரம் நான் போனில் இருந்தேன். கோபம் அவன்மேல் இல்லை, அவன் வந்ததே எனக்குத் தெரியாது. ஆனால் என் முகத்தை வெளியே எட்டுப் பேர் நாள் முழுக்கப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், நான் ஒருத்திதான் படிக்கவில்லை. அலுவலகத்தில் ஒருவர் முகம் சுளித்தால் அது அவருடைய மனநிலை. மேலாளர் சுளித்தால் அது அந்த இடத்தின் வானிலை ஆகிவிடுகிறது, எல்லோரும் அதற்கேற்பக் குடை விரிக்கிறார்கள்.

அதற்கு அப்புறம்தான் கைப்பிடிப் பழக்கம். அறையை விட்டு வெளியே வருமுன் கதவின் கைப்பிடியில் கை வைத்ததும் ஒரு மூச்சு. முகம் எப்படி இருக்கிறது, தாடை எப்படி இருக்கிறது என்று பார்ப்பேன். வலிந்து சிரிக்கமாட்டேன், போலிச் சிரிப்பு இன்னும் பயமுறுத்தும். தெரிந்துகொண்டு கதவைத் திறப்பேன். சில நாள் திறக்காமல் திரும்பிப் போய் உட்கார்ந்ததும் உண்டு.

பெரிய பதவியில் இருந்துகொண்டே இதைச் செய்தவர்கள் உண்டா?

நான் மிகவும் மதிக்கும் உதாரணம் பர்மாவின் ஊ பா கின். கணக்குத் துறையில் இருந்தவர் என்பதால் எனக்குக் கூடுதல் நெருக்கம். 1899-ல் ரங்கூனில் பிறந்து, கணக்குத் தலைமை அலுவலகத்தில் சாதாரண எழுத்தராகச் சேர்ந்தவர். 1937-ல் சாயா தெட்ஜி என்ற விவசாயியிடம், மூச்சையும் உடம்பில் எழும் உணர்வுகளையும் கவனிக்கும் பௌத்தத் தியான முறையான விபாசனாவைக் கற்றார். 1948 ஜனவரி 4, பர்மா சுதந்திரம் அடைந்த நாளில், சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்கு அதிகாரி ஆனார். பதவி உயர்ந்ததும் தியானத்தைத் தள்ளி வைக்கவில்லை. தன் அலுவலக ஊழியர்களுக்கே கற்றுக்கொடுத்தார், அவர்களுக்காக ஒரு சங்கமும் அமைத்தார். 1952-ல் ரங்கூனில் தியான மையம் தொடங்கினார். ஒரே சமயத்தில் மூன்று, நான்கு துறைகளின் தலைமையை அரசு அவரிடம் கொடுத்திருந்த காலமும் உண்டு.

அவரிடம் 1955-ல் கடும் ஒற்றைத் தலைவலியோடு ஒரு தொழிலதிபர் வந்தார். தலைவலிக்கு மருந்தாக மட்டும் நினைத்து வந்தால் சேர்க்கமாட்டேன் என்று முதலில் மறுத்துவிட்டார் ஊ பா கின். அந்தத் தொழிலதிபர்தான் சத்ய நாராயண் கோயங்கா. 1969-ல் விபாசனாவை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்.

வேலையை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போனால்தான் இதெல்லாம் வரும் என்று யாராவது சொன்னால், நான் ஊ பா கின்னின் கணக்கு அலுவலகத்தைச் சொல்வேன்.

என்னை நானே எப்படித் தெரிந்துகொள்வது?

தனியாக உட்கார்ந்து யோசித்தால் மட்டும் போதாது. 1955-ல் ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சன்னலை வரைந்தார்கள். அவர்கள் பெயர்களைச் சேர்த்து ஜோஹாரி சன்னல் என்பார்கள். எனக்கும் பிறருக்கும் தெரிந்தது, எனக்கு மட்டும் தெரிந்தது, யாருக்கும் தெரியாதது என்று மூன்று கட்டம். நாலாவது, பிறருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது. பொறுப்பில் இருப்பவரைச் சறுக்கவைப்பது இந்த நாலாவது கட்டம். அதைத் திறக்க மற்றவரால்தான் முடியும்.

டாஷா யூரிக் என்ற உளவியலாளர், தங்களைத் தாங்களே நன்றாக அறிந்தவர்கள் என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள், ஆனால் உண்மையில் அப்படி இருப்பவர்கள் 10 முதல் 15 சதவீதம்தான் என்று தம் ஆய்விலிருந்து சொல்கிறார். 'ஏன் இப்படி இருக்கிறேன்' என்று குடைவதைவிட 'இப்போது என்ன நடக்கிறது, என்ன செய்யலாம்' என்று கேட்பது உதவும் என்பதும் அவர் சொல்வது. எனக்கு இது சரியாகவே பட்டது. 'ஏன்' என்று கேட்டால் என் மனம் உடனே ஒரு கதை கட்டிவிடும், கதையில் தப்பு எப்போதும் வேறொருவர் மேல் இருக்கும்.

பிறரிடம் கேட்கும்போது 'நான் எப்படி?' என்று கேட்காதீர்கள். 'நல்லா இருக்கீங்க மேடம்' என்றுதான் பதில் வரும். சின்னதாக, பதில் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். 'நான் டென்ஷனா இருக்கேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று எங்கள் அலுவலக உதவியாளரிடம் கேட்டேன். 20 வருடம் அந்தக் கிளையில் இருந்தவர். தயங்கித் தயங்கி, 'பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவீங்க மேடம். அந்தச் சத்தம் கேட்டா நாங்க யாரும் உள்ள வரமாட்டோம்' என்றார். அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதே இல்லை.

சொன்னவருக்கு நன்றி சொல்லுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். ஒரு தடவை விளக்கம் சொன்னால் அடுத்த தடவை அவர் வாய் திறக்கமாட்டார்.

மீட்டிங்குகளில் எதைக் கவனிப்பது?

மற்றவர் பேசும்போது நீங்கள் கேட்கிறீர்களா, பதிலைத் தயார் செய்கிறீர்களா என்பதை. பேசுகிறவர் முடித்த பிறகு ஒரு மூச்சு விட்டுப் பேசுங்கள். உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். தலைவர் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

உண்மையிலேயே பலன் தருமா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அளவான பலன். 2014-ல் வெளியான ஒரு பெரிய மருத்துவத் தொகுப்பு 47 ஆய்வுகளை, 3,515 பேரை எடுத்துப் பார்த்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைந்தன. உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிட இது மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப மனச்சோர்வு வந்தவர்களுக்கு, அது மறுபடி வராமல் இருக்க, மைண்ட்ஃபுல்னெஸ் சேர்ந்த சிகிச்சையை 2004-லேயே பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டும் அமைப்பு பரிந்துரைத்தது. இது எல்லாவற்றையும் குணமாக்கும், மூளையே மாறிவிடும் என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்களிடம் கவனமாக இருங்கள்.

எங்கள் நிறுவனத்தில் ஊழியர்களுக்கு வகுப்பு வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் முதலில் ஒன்று கேட்பேன்: அவர்களுக்கு ஏன் மன அழுத்தம்? மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கிறார், ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் டார்கெட் வருகிறது என்றால், அவர்களை மூச்சைக் கவனிக்கச் சொல்வது அநியாயம். ஆளைப் போடுங்கள், ராத்திரிச் செய்தியை நிறுத்துங்கள். பிரச்சினையை உண்டாக்கியவர், அதைத் தாங்கும் பயிற்சியை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. என்னை எங்கே கூப்பிட்டாலும் இதைச் சொல்கிறேன்.

கட்டாயப்படுத்தவும் வேண்டாம். பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகள் 8,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. எல்லோருக்கும் பொதுவாக வகுப்பில் நடத்தியதில், வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் செய்யவே இல்லை. தொடங்குவதானால் மேலாளர்களிடம் தொடங்குங்கள். நிறுவனத் தலைவரும் வந்து உட்காரட்டும்.

யார் இதைச் செய்யக் கூடாது?

பெரிய அதிர்ச்சி, வன்முறை, இழப்பு ஆகியவற்றிலிருந்து இன்னும் மீளாதவர்கள், கடும் மனச்சோர்வில் இருப்பவர்கள், இல்லாத குரல் கேட்பது போன்ற சிக்கல் இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட நேரம் கண்மூடி உட்கார வேண்டாம். மனம் அமைதியாகாமல் பழைய காட்சிகள் பாய்ந்து வரலாம். அப்படி வந்தால் கண்ணைத் திறந்து, காலைத் தரையில் ஊன்றி, எழுந்து நடங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. தாங்க முடியாத நிலை என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசுவார்கள்.

பத்து நாள் விபாசனா முகாமுக்கு நேரடியாகப் போகலாமா?

உடலும் மனமும் நன்றாக இருந்தால் போகலாம். சென்னை அருகே திருமுடிவாக்கத்தில் 'தம்ம சேது' மையம் இருக்கிறது. காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும், நாளுக்குப் பத்து மணி நேரம்போலத் தியானம், கிட்டத்தட்ட முகாம் முழுக்கப் பேசக் கூடாது, போன் இல்லை. கட்டணம் வாங்குவதில்லை, பழைய மாணவர்களின் நன்கொடையில் நடக்கிறது. நான் மூன்றாம் நாள் ஓடிவிடலாம் என்று நினைத்தேன். ஆறாம் நாள்தான் உடம்பு உட்காரப் பழகியது. முன்பே சில மாதம் பத்துப் பத்து நிமிடமாகப் பழகிவிட்டுப் போனால் அந்த அளவுக்குத் திணறாது.

பாதியில் விட்டுவிட்டேன். மறுபடி தொடங்கலாமா?

தாராளமாக. என் அம்மா மருத்துவமனையில் இருந்த ஐந்து மாதம் எனக்கும் விட்டுப்போயிற்று. மறுபடி தொடங்கியது பத்து நிமிடத்தில் இல்லை, மூன்று மூச்சில்.

வகுப்புக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். காலை ஏழு மணிக்குத் தொடங்கி எட்டேகாலுக்கு முடிப்போம். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி உண்டு. வெறும் வயிற்றில் வராதீர்கள், நிறையச் சாப்பிட்டுவிட்டும் வராதீர்கள். தாமதமானால் தயங்காமல் உள்ளே வந்து பின்னால் உட்காருங்கள், கதவு திறக்கும் சத்தத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வோம்.